சி நிரலில் குளோபல் மாறி: ஒரே அணை, பல வாய்க்கால்

மேட்டூர் நீர்மட்டம் எவ்வளவு என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் விசாரிக்கும். விசாரிப்பவர் எத்தனை பேரானாலும் அணை ஒன்றுதான். நிரல் முழுவதும் பயன்படும் குளோபல் மாறிக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவது ஒரே ஒரு கோப்பின் வேலை, அதுதான் வரையறை. அப்படி ஒன்று இருக்கிறது என்று மற்ற கோப்புகளுக்குச் சொல்வது அறிவிப்பு.

நிரலை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இங்கே உச்சரிப்பு மட்டும்.

முதலில் அணை.எச் என்ற ஹெடர், அதாவது மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு. உள்ளே ஒரே வரி:

எக்ஸ்டெர்ன் இன்ட் மட்டம்;

எக்ஸ்டெர்ன் என்றால் இது வெறும் அறிவிப்பு, வரையறை வேறிடத்தில் என்று பொருள். இங்கே மதிப்பு கொடுக்காதீர்கள். '= 120' சேர்த்தால், எக்ஸ்டெர்ன் இருந்தாலும் அது வரையறையாகிவிடும்.

அடுத்து மேட்டூர்.சி. மேலே அணை.எச்சை இன்க்ளூட் செய்து, எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே போகாமல்:

இன்ட் மட்டம் = 120;

120 அடி அணையின் முழு மட்டம். மதிப்பு தராவிட்டால் குளோபல் மாறி 0-வில் தொடங்கும்.

வரையறை உள்ள கோப்பிலேயே ஹெடர் எதற்கு? தவறுதலாக இங்கே லாங் என்று எழுதிவிட்டால், ஹெடரில் உள்ள இன்ட்டோடு ஒப்பிட்டு கம்பைலர் அங்கேயே நிறுத்தும். இன்க்ளூட் இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை. கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் வழக்கமாகப் பெயரைத்தான் பார்க்கும், வகையைப் பார்க்காது. நிரல் ஓடும், எண் தப்பாக வரலாம்.

மூன்றாவது கல்லணை.சி. இதிலும் ஹெடரைச் சேர்த்து, மெயினுக்குள் மட்டத்தை பிரின்ட்எஃப் செய்யுங்கள். ஜிசிசி கம்பைலருக்கு இரண்டு சி கோப்புகளையும் சேர்த்தே கொடுங்கள். மேட்டூரை விட்டுவிட்டால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வரும்.

'மல்டிபிள் டெஃபினிஷன்' வந்தால் ஹெடரில் எக்ஸ்டெர்ன் விடுபட்டிருக்கிறதா, மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்க்ளூட் கார்டு போட்டும் வருகிறதே என்று பலர் குழம்புவார்கள். கார்டு ஒரே சி கோப்புக்குள் ஹெடர் இருமுறை நுழைவதைத்தான் தடுக்கும். ஒவ்வொரு சி கோப்பும் தனியாக கம்பைல் ஆவதால் இந்தப் பிழைக்கு அது காவல் இல்லை. பழைய நிரல்களில் எக்ஸ்டெர்ன் இல்லாமலே ஓடியிருக்கும். மதிப்பில்லாத அந்த வரிகளை ஜிசிசி முன்பு ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அந்த இயல்பு மாறிவிட்டது. எஃப்காமன் என்ற ஆப்ஷன் பழையபடி ஓடவைக்கும், ஆனால் ஹெடரைத் திருத்துவதே சரி.

கல்லணையின் மதகு எண்ணிக்கை கல்லணை.சிக்கு மட்டும் போதுமென்றால் அந்தக் கோப்பிலேயே ஸ்டாடிக் இன்ட் என்று எழுதுங்கள். அதையே ஹெடரில் வைத்தால் ஒவ்வொரு சி கோப்புக்கும் தனிப் பிரதி கிடைக்கும்: ஒன்றில் மாற்றியது மற்றொன்றில் தெரியாது, பிழைச் செய்தியும் வராது.