புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கரண்ட் போவதற்குள் என்னென்ன செய்யலாம்?

பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வந்தது 2021இல். நவம்பர் கடைசியில் அலுவலகத்தில் எல்லோரும் "ஆர்வென், ஆர்வென்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் போல என்று நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது வரப்போகும் புயலின் பெயர். வீடு நார்தம்பர்லாந்தில், அன்னிக் ஊருக்கு வெளியே. அன்று ராத்திரி அந்த வட்டாரத்தில் காற்று மணிக்கு 98 மைல் வரை போனது, அதாவது கிட்டத்தட்ட 158 கிலோமீட்டர். கரண்ட் போனது மூன்று நாள் வரவில்லை. "நம் வீட்டைச் சூடாக்குவது கேஸ் பாய்லர்தானே, அதற்குக் கரண்ட் எதற்கு" என்று தெனாவட்டாக இருந்தவன் நான். பாய்லரின் பம்ப்பும் கட்டுப்பாடும் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும் என்பது இருட்டில் உட்கார்ந்து பல் கிட்டித்த பிறகுதான் உறைத்தது.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

1. பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரிட்டனின் வானிலை நிறுவனமான மெட் ஆபீஸும் அயர்லாந்தின் மெட் ஏரனும் சேர்ந்து 2015இல் புயல்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கின. முதல் பெயர் அபிகேய்ல். 2019இல் நெதர்லாந்தின் வானிலை நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பொதுமக்கள் அனுப்பும் பெயர்களிலிருந்தும் எடுத்து, ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் பட்டியல் வெளியிடுவார்கள். அது அடுத்த ஆகஸ்ட் வரைக்கும். ஆங்கில அகரவரிசைதான், ஆனால் கியூ, யூ, எக்ஸ், ஒய், இசட் கிடையாது, ஆக 21 பெயர். 2025-26 பட்டியலில் மூன்றாவது பெயர் சந்திரா என்பதைப் பார்த்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அத்தனை சந்திராக்களும் வம்புக்கு இழுக்கப்பட்டார்கள். அதே பட்டியலின் கடைசிப் பெயர் வுபோ, நெதர்லாந்தின் முதல் விண்வெளி வீரர் வுபோ ஒக்கல்ஸை நினைவுபடுத்துவது. ஐரிஷ் பெயர்கள் வரும்போது எழுத்தைப் பார்த்துப் படிக்க முயலாதீர்கள், டைக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைப்பீர்கள்.

முதல் எழுத்தை வைத்து இந்தப் பருவத்தில் எத்தனையாவது புயல் என்று சொல்லிவிடலாம். 2023-24இல் பன்னிரண்டாவதான லிலியன் வரை போனது. ஆனால் நடுவில் எழுத்து தாவினால் குழம்ப வேண்டாம். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் சேர்ந்து தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன, அவர்கள் முந்திக்கொண்டு பெயர் வைத்துவிட்டால் இங்கேயும் அதே பெயர்தான். 2025 ஜனவரியில் ஏயோவின் போன கையோடு ஹெர்மினியா வந்தது அப்படித்தான். அட்லாண்டிக்கில் ஹரிக்கேனாக இருந்து வலுக்குறைந்து வருவதும் பழைய பெயரோடே வரும், 2017இல் அயர்லாந்தைத் தாக்கிய ஒஃபீலியா போல.

நம்மூர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், இதுதான் முக்கியம். வங்கக் கடலில் காற்று மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டரைத் தொட்டால் பெயர், கஜாவும் மிக்ஜாமும் பெயர் வாங்கியது காற்றின் வேகத்தால். (அந்தப் பக்கத்துப் புயல்களுக்காக 2020இல் வந்த பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களில் முரசு என்று ஒன்று இருக்கிறது, எனக்கு அதில் ஒரு பெருமை.) இங்கே காற்று எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு சேதம் செய்யும் என்று பார்க்கிறார்கள். ஆம்பர் (மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் உள்ள நிலை) அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால் பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் பெயர் வந்தாலே வீட்டில் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல சமயம் ஓரிரண்டு நாள் அவகாசம் இருக்கும்.

2. நிறத்தைப் பாருங்கள், உங்கள் ஊருக்கு

மெட் ஆபீஸ் செயலியில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று நிறம். பாதிப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டையும் கட்டம் போட்டுப் பார்த்துத்தான் நிறம் தருகிறார்கள். அதனால் மஞ்சளைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். பாதிப்பு பெரிதாக இருந்து வாய்ப்பு குறைவாக இருந்தாலும் மஞ்சள்தான் வரும், உள்ளே தட்டிப் படித்தால்தான் எந்த வகை மஞ்சள் என்று தெரியும். சிவப்பு என்றால் வெளியே போகாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. இங்கே பெரும்பாலான புயல்கள் மேற்கிலிருந்து கொஞ்சம் கதகதப்பான ஈரக்காற்றோடு வரும், கடுங்குளிர் அது கடந்துபோன பிறகுதான். ஆர்வென் வடக்கிலிருந்து வந்தது. மேற்குக் காற்றுக்கே பழகி வேரூன்றிய மரங்கள் அதனால்தான் அத்தனை சாய்ந்தன, கம்பிகளும் அறுந்தன, குளிரும் கூடவே வந்தது. ஆகவே காற்று எந்தத் திசை என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

3. காற்று அடிப்பதற்கு முன்

குப்பைத்தொட்டி, பூந்தொட்டி, துணி உலர்த்தும் கொடி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள் அல்லது கட்டிப் போடுங்கள். போன், பவர் பேங்க் முழுக்க சார்ஜ். டார்ச்சுக்கு பேட்டரி. மெழுகுவர்த்தியை நான் சொல்ல மாட்டேன், போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற ராத்திரியில் நெருப்பு வேண்டாம். கேஸ் அல்லது கரண்டுக்கு முன்பணம் போடும் மீட்டர் என்றால் இன்றே போட்டுவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் ரசமோ டீயோ ஊற்றி வையுங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும்.

105 என்ற எண்ணை போனில் சேமியுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எங்கிருந்து அழைத்தாலும் உங்கள் பகுதி மின்விநியோக நிறுவனத்துக்கு இலவசமாகப் போகும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ வயதானவர்களோ கரண்டில் ஓடும் மருத்துவக் கருவியோ இருந்தால், முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் சேர்த்துவிடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். அதற்கும் காசு கிடையாது.

4. ஒரே ஒரு அறை

ஊரிலிருந்து வந்த புதிதில் வீடு முழுக்க ஹீட்டிங் போட்டுவிட்டு டி-சர்ட்டில் திரிவோம், மாதக் கடைசியில் பில் வந்ததும் புத்தி வரும். இருக்கிற அறையை மட்டும் 18 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அறைகளின் ரேடியேட்டரில் உள்ள குமிழைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். கதவடியில் வரும் காற்றுக்குப் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலே போதும், என் அம்மா ஒரு முறை வந்திருந்தபோது செய்தது, கடையில் விற்பதைவிட நன்றாக அடைக்கிறது. இருட்டும்போதே திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், ஆனால் அது ரேடியேட்டருக்கு மேல் தொங்கினால் சூடு கண்ணாடிக்குத்தான் போகும், எடுத்துப் பின்னால் செருகுங்கள்.

ரேடியேட்டரின் மேல்பகுதி சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் மேலே இருக்கும் சின்ன வால்வை அதற்கென்றே உள்ள சாவியால் அரைச்சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடுங்கள். அப்புறம் பாய்லரின் அழுத்தமானி 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

குளிரும்போது கரி அடுப்பையோ கேம்பிங் ஸ்டவ்வையோ வீட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் இல்லையென்றால் இந்த வாரமே வாங்குங்கள்.

(இட்லி மாவு? ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.)

5. வெந்நீர்ப் பை

கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும் ரப்பர் பைதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, கொஞ்சம் ஆறவிட்டு முக்கால் பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூட வேண்டும். பழைய பை வெடித்துக் காலை வேகவைத்துவிடும். பையில் ஒரு பூப்போன்ற முத்திரை இருக்கும்: நடுவில் உள்ள எண் அது செய்யப்பட்ட வருடம், சுற்றியுள்ள இதழ்கள் மாதம். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

6. புயல் போன பிறகு வரும் உறைபனி

பாய்லர் இருக்கிற சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சாக்கடைக்கு இறங்கும். பாய்லரில் சேரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடியும். உறைபனியில் அது அடைத்துக்கொண்டால் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். பயப்பட வேண்டாம். கைபொறுக்கும் சூட்டில் வெந்நீரைக் குழாயின் மேல், முக்கியமாக வளைவிலும் முனையிலும், மெதுவாக ஊற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடும். பனிக்கட்டி விட்டதும் உள்ளே வந்து பாய்லரின் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். எனக்கு இது தெரியாத வருடம், ஆள் வந்து என் கெட்டிலையே வாங்கி, என் வீட்டுத் தண்ணீரையே ஊற்றிவிட்டு, 90 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார்.