தெருமுனைப் பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவது எப்படி

சென்னிமலையில் எங்கள் தெருமுனைக் கரும்பலகையில் 9 வருடமாக நான்தான் 'வரலாற்றில் இன்று' எழுதுகிறேன். காலையில் தறிக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போகிறபடியே படிப்பார்கள். அதனால் மூன்று செய்திக்கு மேல் வேண்டாம்.

முதலில் ஒரு பழைய டைரி எடுத்துக்கொள்ளுங்கள். தேதிக்கு ஒரு பக்கம், பிப்ரவரி 29-க்கும் ஒன்று. செய்தித்தாளிலோ நினைவுக் கல்லிலோ ஒரு தேதி கண்ணில் பட்டால் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள், எங்கே பார்த்தது என்பதோடு சேர்த்து. ஒரு வருடம் சேர்த்த பிறகு பலகைக்குப் போங்கள்.

அப்புறம், அந்த நாளில் நடந்தது சரியாக என்ன என்று பாருங்கள். முதல் வருடம் ஜனவரி 10 அன்று 'கொடி காத்த குமரன் மறைந்த நாள், 1932' என்று எழுதிவிட்டேன். குமரன் பிறந்த ஊர் இது. சாயங்காலம் ஒரு நெசவாளிப் பெரியவர் வந்து நின்றார். "அம்மிணி, திருப்பூர்ல அடிபட்டதுதான் பத்தாந்தேதி. உசுரு போனது பதினொண்ணு. அந்த ராத்திரிய எப்படி விட்டுப்போட்டே?" என்றார். அன்றிலிருந்து வினைச்சொல்லை இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதுகிறேன். 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்தான்.

தமிழ்த் தேதி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31. அவர் நினைவாக நாம் ஓடாநிலைக்குப் போவதோ ஆடி 18-ல், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3. இரண்டும் சரிதான். நம் தமிழ் வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். எழுபது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் தள்ளிப்போகும். அன்றைக்கு ஜூலை கடைசியில் வந்த ஆடிப்பெருக்கு இன்றைக்கு ஆகஸ்டில் வருகிறது. பலகையில் இரண்டையும் போடுங்கள்.

நாட்டுச் செய்திக்குக் கீழே நம் பக்கத்துச் செய்தி ஒன்று இருந்தால் ஆட்கள் நின்று படிப்பார்கள். ஜனவரி 30-க்கு நான் எழுதுவது இது:

1910 – பொள்ளாச்சிப் பக்கத்தில் சி.சுப்பிரமணியம் பிறந்தார்.
1948 – டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த சி.எஸ்.ஸுக்கு அன்றைக்கு 38 வயது நிறைந்த நாள். அதைப் பலகையில் விளக்க வேண்டியதில்லை, வருடத்தைப் பார்த்து அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். டிசம்பர் 24-ம் அப்படித்தான்: 1973-ல் பெரியார் மறைந்தார், 1987-ல் எம்.ஜி.ஆர்.

சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் எழுத்து பளிச்சென்று நிற்கும். ராத்திரியே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் காலைக்குள் பலகை காய்ந்துவிடும்.

ஜனவரி 10 ராத்திரி மட்டும் நான் துடைப்பதில்லை. மறுநாள் காலையில் அதன் கீழேயே பதினொன்றை எழுதுகிறேன்.