நடுராத்திரியில் அழும் கைக்குழந்தை: எதை முதலில் பார்ப்பது?

பிறந்து 2 வாரம் ஆனதும் அழுகை மெல்லக் கூடும். 6-வது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். 3, 4 மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். பொழுது சாய்ந்து தொடங்கி நடுராத்திரி வரை இழுப்பதும் வழக்கம்தான். அதனால் அழுதவுடன் “பால் பத்தல” என்று புட்டிப்பாலுக்குப் போக வேண்டாம். ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் பத்துகிறது என்றே அர்த்தம்.

சத்தம் கேட்ட நொடியே தூக்கிவிடாதீர்கள். பச்சைக்குழந்தைகள் தூக்கத்திலேயே முனகும், நெளியும், முகத்தைச் சுளிக்கும். ஒரு நிமிஷம் பாருங்கள், பல சமயம் அப்படியே அடங்கிவிடும். அழுகை வலுத்தால் பெரிய விளக்கைப் போடாமல், சின்ன விளக்கு வெளிச்சத்தில் முதலில் துணியை மாற்றுங்கள். பால் குடித்துக் கண் சொருகிய பிறகு மாற்றினால் முழுக்க விழித்துக்கொள்ளும்.

துணி மாற்றும்போதே உடம்பையும் பார்த்துவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாயின் தலைமுடியோ துணியில் பிரிந்த நூலோ கால்விரலில் சுற்றி இறுகியிருக்கலாம். விரல் சிவந்து வீங்கும், குழந்தை எதற்கும் அடங்காது. கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். அரைஞாண் கயிறு வயிற்றில் அச்சுப் பதித்திருக்கிறதா? வெள்ளிக் கொலுசு செய்யும் ஊர் சேலம், அதனால் இங்கே சின்னக் குழந்தைக்கே கொலுசு போட்டுவிடுகிறோம். அதன் திருகாணி மறுகாலைக் கீறும். ராத்திரியில் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

அடுத்தது சூடு. மலைகள் சூழ்ந்த சேலத்தில் ஏப்ரல், மே மாதம் கான்கிரீட் தளம் நடுராத்திரி தாண்டியும் அனல் விடும். அந்த அறையில் தொப்பி, காலுறை, கம்பளி எல்லாம் போட்டால் அழாமல் என்ன செய்யும்? பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். ஈரமாக, கதகதவென்று இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கைகால் மட்டும் சில்லென்று இருந்தால் அது குளிருக்கு அடையாளமில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி ராத்திரி வேறு கதை. அங்கே பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டால் போதும். கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு கரியடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசமே கிடையாது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் வேண்டாம், கொசுவலை போதும்.

பிறகு பால். கையை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் பசியின் முதல் அறிகுறி. அழுகை கடைசியாகத்தான் வரும். குடித்து முடித்ததும் தோளில் நிமிர்த்தி 10 நிமிஷம் முதுகைத் தடவுங்கள். ஏப்பம் வராவிட்டாலும் பரவாயில்லை.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் நெஞ்சோடு அணைத்து, ஒரே சீரான நடையில் 5 நிமிஷம் நடங்கள். உட்காராதீர்கள், நிற்காதீர்கள். தூங்கியதும் உடனே கிடத்தாமல், உட்கார்ந்தபடி 5 முதல் 8 நிமிஷம் மடியிலேயே வைத்திருங்கள். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தார் 2022-ல் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து கண்ட முறை இது. தாலாட்டும் மெதுவாக, ஒரே ராகத்தில் போகட்டும். 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருந்தால் குழந்தை இன்னும் மிரளும்.

தூளி நல்ல துணைதான், ஆனால் கட்டுவதில் கவனம் வேண்டும். பழைய பருத்திப் புடவையே சரி. பாலியஸ்டர் முடிச்சு வழுக்கும், காற்றும் போகாது. கொக்கியில் மாட்டியதும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் தொங்க வேண்டாம். கீழே ஜமுக்காளம் விரியுங்கள். துணி குவிந்து முகத்தை மூடாதபடி மேலே கட்டை கொடுத்து விரித்து வையுங்கள். தூளி வளைந்து தொங்குவதால் குழந்தையின் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு தடைப்படலாம். ஆகவே ஆள் விழித்துப் பக்கத்தில் இருக்கும்வரைதான் தூளி. தூங்கியதும் தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை எதுவும் இல்லாத சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். புரள ஆரம்பித்த குழந்தைக்குத் தூளியும் வேண்டாம், கைகளைச் சேர்த்துச் சுற்றிக் கட்டுவதும் வேண்டாம்.

சுளுக்குப் பிடித்ததை “உரம் விழுந்திருக்கு” என்று சொல்லிப் புடவையில் போட்டு உருட்டுவதும், உள்ளே சிக்கியதாகச் சொல்லும் தொக்கத்தை எடுக்கிறேன் என்று தொண்டையில் ஊதுவதும் ஆபத்து. அம்மாயியும் அப்பத்தாவும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், அவர்களிடம் பகலிலேயே பொறுமையாகப் பேசிவிடுங்கள். சுட்ட வசம்பை உரசி ஊட்ட வேண்டாம். கையில் வசம்பு வளையல் போட்டாலும் குழந்தை அதைச் சப்பும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படக் கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை, கிரைப் வாட்டரும் தேவையில்லை.

எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைக் குலுக்காதீர்கள், மூளைக்குள் ரத்தம் கசியும். பொறுமை போய்விட்டதாகத் தோன்றினால் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு 5 நிமிஷம் வாசலில் போய் நில்லுங்கள். அழுவதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. வீட்டில் இன்னொருவரை எழுப்பக் கூச்சப்படவும் வேண்டாம்.

சில அழுகை காலைவரை காத்திருக்காது. 3 மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், கல் மாதிரி உப்பிய வயிறு, தொடை இடுக்கில் புடைப்பு, உச்சிக்குழி எழும்பி நிற்பது, பால் குடிக்காமல் துவள்வது, 2 மாதத்துக்குள் நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் மட்டும்தான் என்றால் 104-ல் ஆலோசனை கேட்கலாம். ஏற்காட்டிலிருந்து சேலம் வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்; மலையில் இருப்பவர்கள், பகலிலேயே குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று தெரிந்தால் இருட்டும்வரை தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.