கூடுதல் ஹார்டு டிஸ்க் மாட்டியதும் கணினி எழவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

இடம் போதவில்லை என்று இன்னொரு ஹார்டு டிஸ்க்கை வாங்கி மாட்டுகிறோம். மூடியைத் திருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: இயங்குதளம் காணப்படவில்லை. அதைப் பார்த்ததும் விண்டோஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, மறுபடி நிறுவுவதற்குப் பென் டிரைவைத் தேடுகிறவர்கள் பலர். இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். நேற்றுவரை ஓடிய விண்டோஸ், பக்கத்தில் இன்னொரு கேபிளைச் செருகியதால் அழிந்துவிடாது. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ்தான் வீடு மாறிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

புது டிஸ்க்கைக் கண்டதும் சில மதர்போர்டுகள், எந்த டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தை எழுப்புவது என்ற பூட் வரிசையைத் தாமாகவே மாற்றி, புதியதை முதலில் வைத்துவிடும். பயாஸுக்குள் போய்ப் பழையதை முதலிடத்துக்கு ஏற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பயாஸின் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால், டிஸ்க்கின் பெயரை அல்ல, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயாஸுக்குள் போன இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது அடுத்த தவறு. டிஸ்க்குகளோடு கணினி பேசும் விதத்தைத் தீர்மானிக்கும் சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ரெய்டுக்கு மாற்றினால், கறுப்புத் திரை போய் நீலத்திரை வரும். எல்லா அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும்போதும் இதே மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று பயாஸைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது.

திரையில் எதுவுமே வராமல், மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுபோனால் கதை வேறு. சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழ வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது 10 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் நின்ற தட்டைச் சுழற்றத் தொடங்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் விழித்தால் 100 வாட்டை நெருங்கும். வயதான பவர் சப்ளைக்கு அது தாங்காமல் போகலாம். புது டிஸ்க்கின் மின் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மின் கேபிள் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் போடவே கூடாது. முனை கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் அந்த நொடியே டிஸ்க் கருகிவிடும். பூட் ஆகாத கணினியைச் சரிசெய்துவிடலாம், இதைச் சரிசெய்ய முடியாது. பழைய பெட்டியில் கிடந்த கேபிள்தானே என்று எடுப்பவர்கள் ஒரு கணம் நிதானிக்கட்டும்.

புது டிஸ்க்கைக் கழற்றிய பிறகும் கணினி எழவில்லையா? அப்படியானால் மாட்டும்போது கை பட்டு எதையோ அசைத்திருக்கிறோம். கொக்கி இல்லாத சாட்டா கேபிள்கள் லேசாக உரசினாலே நழுவும். பழைய டிஸ்க்குக்குப் போகும் கேபிளின் இரு முனைகளையும் ராம் நினைவகத்தையும் ஒருமுறை அழுத்திச் செருகுங்கள், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு. மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி. சேர்த்தவர்கள் மதர்போர்டின் கையேட்டைப் புரட்ட வேண்டும். பல போர்டுகளில் எம்.2 இடம் நிரம்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். பழைய டிஸ்க் அந்தப் போர்ட்டில் இருந்தால், அது காணாமல் போனதுபோலத்தான் தெரியும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறொரு பொறி. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபெஸ்டாப் கோப்பில், டிஸ்க்குகளை 'எஸ்.டி.ஏ.', 'எஸ்.டி.பி.' என்ற பெயர்களால் எழுதியிருந்தால், புது டிஸ்க் வந்ததும் அந்த எழுத்துகள் இடம் மாறிவிடலாம். இடம் மாறினாலும் மாறாத யு.யு.ஐ.டி. அடையாள எண்ணைப் பயன்படுத்துவதே சரி.

எல்லாம் சரியாகி விண்டோஸ் திறந்த பிறகும் ஒரு குழி உண்டு. டிஸ்க்கைத் தயார்செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று ஒரு பெட்டி எழும். புத்தம்புது டிஸ்க் என்றால் தாராளமாகச் செய்யலாம். வேறு கணினியிலிருந்து கழற்றிய, கோப்புகள் உள்ள டிஸ்க் என்றால் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது எதிர்த்திசையில். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமலேயே புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை நிறுவினேன். மாதக்கணக்கில் சிக்கல் இல்லை. பழையதை ஒருநாள் கழற்றினேன், கணினி எழவில்லை. நிறுவும்போது விண்டோஸ் தன் பூட் கோப்புகளை, பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த 100 எம்.பி. பகுதியில் வைத்திருக்கிறது. விண்டோஸ் முழுவதும் ஒரு டிஸ்க்கில், அதை எழுப்பும் கோப்புகள் இன்னொன்றில். எஸ்.எஸ்.டி.யில் அப்படியொரு பகுதியை உருவாக்கி, 'பி.சி.டி. பூட்' கட்டளையால் கோப்புகளை அங்கே எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது. இப்போதெல்லாம் விண்டோஸ் நிறுவுகிற நாளில் மற்ற டிஸ்க்குகளின் கேபிள்கள் மேஜைமேல் கிடக்கும்.