ஜெர்மனியில் சனிக்கிழமை கடைக்குப் போவது

ஜெர்மனிக்குப் புதிதாகப் போகிறவர்கள் மளிகைச் சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும்தான் கைகொடுக்கும். விலை சற்றுக் கூடுதல்.

கிளம்பும்போது காலி பாட்டில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், பான டின் ஒவ்வொன்றுக்கும் வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். பாட்டிலை மட்டும் நசுக்கிவிடாதீர்கள், லேபிளைப் படிக்க முடியாமல் இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும்.

அப்புறம், காசாளர் பொருட்களை மின்னல் வேகத்தில் தள்ளுவார். நீங்கள் எவ்வளவு பதற்றத்தில் பையை நிரப்பினாலும், ஒரு 'டாங்கே'யும் (ஜெர்மன் மொழியில் நன்றி) வார இறுதி வாழ்த்தும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே அது சாதாரண வழக்கம், அவரும் பதிலுக்குச் சொல்வார்.