கோடைக்கால நிரலாக்கத்துக்கு ஒரு மென்பொருள் பணி ஏற்றதா என்று கணிப்பது எப்படி?

புதியவர்கள் கோடையில் ஒரு வழிகாட்டியின் துணையோடு கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுவதற்காக, கூகுள் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பல கட்டற்ற மென்பொருள் அமைப்புகள், தங்களிடம் உள்ள பணிகளைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றன. 2022 முதல் கல்லூரியில் படிக்காதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், மாணவர்களே இப்பட்டியல்களை ஆர்வத்தோடு புரட்டுகிறார்கள். புரட்டும்போது கண்ணைக் கவரும் தலைப்பையோ, பெயர்பெற்ற அமைப்பையோ பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். ஒரு பணி எவ்வளவு முக்கியமானது என்பதும், அது ஒரு மாணவருக்கு ஏற்றதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை காண முதலில் பார்க்கவேண்டியது, அந்தப் பணியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மூல நிரலோடு இணைத்துவிட முடியுமா என்பதைத்தான்.

நிரலில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் வரலாற்றில் இதற்கு நல்ல சான்று உண்டு. அதன் கட்டளைகளில் பல, தொடக்கத்தில் ஷெல் ஸ்கிரிப்டுகளாக, அதாவது இயங்குதளக் கட்டளைகளைக் கோத்து எழுதும் நிரல்களாக, எழுதப்பட்டிருந்தன. வேகத்துக்காகவும், விண்டோஸ் போன்ற தளங்களில் சிக்கலின்றி இயங்குவதற்காகவும் அவற்றைச் சி மொழியில் மாற்றி எழுதும் பணி பல கோடைகளில் மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ‘கிட் சப்மாட்யூல்’ கட்டளையை மாற்றும் வேலை ஒரே கோடையில் முடியவில்லை. 2017, 2020, 2021 என வெவ்வேறு ஆண்டுகளில் வந்த மாணவர்கள் அதை முன்னெடுத்துச் சென்றார்கள். ஆயினும் எவருடைய உழைப்பும் வீணாகவில்லை, ஏனெனில் அக்கட்டளை பல துணைக்கட்டளைகளால் ஆனது. ஒரு துணைக்கட்டளையைச் சி மொழிக்கு மாற்றி இணைத்தபின், மற்றவை ஷெல்லிலேயே இருந்தாலும் மென்பொருள் முன்போல இயங்கும். அத்துடன், அந்தக் கட்டளைக்கென ஏற்கெனவே எழுதப்பட்ட சோதனைகள் இருந்தன. புதிய நிரல் பழையதைப் போலவே நடந்துகொள்கிறதா என்பதை வழிகாட்டியிடம் கேட்காமலேயே மாணவர் சரிபார்க்க முடிந்தது. ‘கிட் ஸ்டாஷ்’ கட்டளையோ 2018 கோடையில் சி மொழிக்கு மாற்றப்பட்டபோதிலும், 2019இல் வெளியான 2.22 பதிப்பில்தான் பயனர்களைச் சென்றடைந்தது. திறமையாக முடிக்கப்பட்ட வேலைக்கும், பிறர் நிரலைப் படித்துச் சரிபார்க்கும் மதிப்பாய்வு இத்தனை காலம் பிடிக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே எந்தப் பணியையும் எடைபோட வேண்டும்.

ஆகவே, பிடித்த பணியை ஒரு தாளில் ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். முதல் துண்டு முடிந்ததும் மீதியை எவருமே தொடராமல் போனாலும், அத்துண்டால் பயனர் ஒருவருக்கேனும் நன்மை உண்டா? இத்திட்டத்தில் இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு என இரண்டு உண்டு; இடைக்கால மதிப்பீட்டுக்குள் எதுவுமே இணைக்கத்தக்க நிலையை எட்டாது என்று உங்கள் தாள் காட்டினால், அது மாணவருக்கான பணியன்று. “உள்கட்டமைப்பை முழுவதும் மாற்றி எழுதுதல்” என்ற வகைப் பணிகள் பெரும்பாலும் இங்கேதான் விழுந்துவிடுகின்றன. அதைவிட ஆபத்தானவை, எப்படிச் செய்வது என்பதில் மென்பொருளின் பராமரிப்பாளர்களுக்குள்ளேயே உடன்பாடு எட்டப்படாத பணிகள். பிழைப்பதிவுகளில் அந்த அம்சத்தைத் தேடிப் பாருங்கள். நெடுங்காலமாக வாதம் மட்டுமே நடந்து முடிவு எழுதப்படாமல் இருந்தால், அந்தத் தீர்ப்பை வழங்கும் சுமை புதிதாக வந்த உங்கள் தோளில் ஏறும். அது நியாயமன்று.

அடுத்துப் பார்க்கவேண்டியது ஆட்களை. கடந்த மூன்று மாதங்களில் வெளியாட்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்டுகளை (தங்கள் மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பங்களை) திறந்து, முதல் பதில் எத்தனை நாளில் வந்தது, பதிலில் திருத்தத்துக்கான விளக்கம் இருந்ததா, எத்தனை இணைக்கப்பட்டன என்று கவனியுங்கள். பட்டியலில் உள்ள வழிகாட்டி அண்மையில் அந்த நிரற்பகுதியில் ஏதேனும் செய்திருக்கிறாரா என்பதையும், அவர் விடுப்பில் போனால் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பின்பு சிறிய திருத்தம் ஒன்றை நீங்களே அனுப்பிப் பாருங்கள். கிட் போன்ற அமைப்புகள் விண்ணப்பத்துக்கு முன்பே இத்தகைய சிறுபணியை எதிர்பார்க்கின்றன. அது உங்களை அவர்கள் சோதிப்பது மட்டுமன்று. அவர்களை நீங்கள் சோதிக்கக் கிடைக்கும் வாய்ப்பும் அதுவே. கனிவாகவும் தெளிவாகவும் மதிப்பாய்வு செய்பவர்கள் இருந்தால், சற்றுக் கடினமான பணியைக்கூட நம்பி எடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

நேரக்கணக்கைத் தவறாமல் போடுங்கள். பணிகள் ஏறத்தாழ 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் வருகின்றன. 350 மணி நேரப் பணியை வழக்கமான 12 வாரங்களில் முடிக்க, வாரம் 29 மணி நேரம் உழைக்க வேண்டும். இந்தியக் கல்லூரிகளில் பலவும் ஜூலைக்குள் திறந்துவிடுவதால், பிற்பாதியில் வகுப்புகளும் ஆய்வகமும் சேர்ந்துகொள்ளும். காலத்தை நீட்டிக்க வழி உண்டு. ஆனால் அதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

உங்கள் கணினி தாங்குமா என்பதையும் பாருங்கள். நிரல்மொழிமாற்றிகளை உருவாக்க உதவும் எல்எல்விஎம் (LLVM) போன்ற பெரிய மென்பொருளை மூலத்திலிருந்து கட்டமைக்க, நினைவகமும் வட்டு இடமும் மிகுதியாக வேண்டும். எட்டு ஜிபி மடிக்கணினியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நெடுநேரம் காத்திருந்தால் கோடை காத்திருப்பிலேயே கரைந்துவிடும். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒருமுறை கட்டமைத்து, சோதனைகளை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் இரண்டு பணிகளுக்கிடையே தயக்கம் நீடித்தால், இரு வழிகாட்டிகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இப்பணியில் முதலில் இணைக்கத்தக்க பகுதி எது என்று நினைக்கிறீர்கள்?” கோப்பின் பெயரையோ, நிரலில் உள்ள செயற்கூற்றையோ (function) சுட்டி விடை தருபவரின் பணிக்கே முன்மொழிவு எழுதத் தொடங்குங்கள்.