புனிதர்கள் விஷயத்துல நாம பண்ற தப்புங்க

செவ்வாக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூர் புலியகுளம் அந்தோணியார் கோவில் பக்கம் போய்ப் பாருங்க, தொலைஞ்ச சாவி, புள்ளைக்கு வரன், கடன் அடையணும்னு ஆளாளுக்கு ஒரு மனு. கேக்கறது தப்பே இல்லீங்க. கேட்டுட்டு அதோட கெளம்பி வந்தர்றோம் பாருங்க, அதுதான் மொத தப்பு. அந்த மனுசன் என்ன பண்ணுனாருன்னு யாரும் கண்டுக்கறதில்ல. இத்தாலில பதுவாங்கிற ஊர்ல வட்டிக்காரங்கள வெளுத்து வாங்கிப் பிரசங்கம் வெச்சவருங்க அவரு. கடன் கட்ட முடியாதவன் சொத்த ஒப்படைச்சுட்டான்னா அவன ஜெயில்ல போடக்கூடாதுன்னு 1231 மார்ச்ல அந்த ஊர்ல சட்டமே போட்டாங்க, இவரு கேட்டுக்கிட்டதுனால. ஜூன்ல செத்தே போயிட்டாரு. மீட்டர் வட்டிக்கு உட்டுப்போட்டு அவரு முன்னால மெழுகுவத்தி கொளுத்தறவங்கள என்னன்னு சொல்றது?

அடுத்தது, புனிதமெல்லாம் ஃபாதர் சிஸ்டருக்குத்தான், குடும்பஸ்தனுக்கு எங்கீங்க முடியும்னு நழுவறது. 1964-லயே ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகத்துல இருக்கற கத்தோலிக்க ஆயருங்க கூடுன மாநாடு, அத்தன பேருக்கும் அந்த அழைப்பு இருக்குதுன்னு தெளிவா எழுதி வெச்சிருச்சு. நம்ம தேவசகாயம் பிள்ளை கல்யாணம் ஆனவரு, அரமனை உத்தியோகஸ்தர், 1752-ல ஆரல்வாய்மொழில சுட்டுக் கொன்னாங்க, 2022-ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. அவரு விசுவாசத்துக்காக உசுரக் குடுத்த ரத்தசாட்சி, நம்மளால ஆகுமான்னு கேப்பீங்க. செரி, குழந்தை தெரசான்னு ஃபிரான்ஸ்ல ஒரு புனிதை (அன்னை தெரசா வேற), அவங்கம்மா செலிய எடுத்துக்குங்க. அங்க அலென்சோன்கிற ஊர்ல லேஸ் பின்னற தொழில், பொம்பளைங்களுக்கு வீட்டுக்கே வேலை குடுத்து வாங்கி, ஆர்டர் புடிச்சு, கணக்கு பாத்து, நடுவுல ஒம்போது புள்ளைங்க பெத்து அதுல நாலு பேர பறி குடுத்தவங்க. ஆர்டர் நெறய வந்தா அடிமைப் பொழப்பு, வரலீன்னா பணம் முடங்கிப் போகுதுன்னு லெட்டர்ல பொலம்பியிருக்காங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் அப்படியே தலையாட்டுவாங்க. 2015-ல அவங்களும் வீட்டுக்காரரும் சோடியாவே புனிதர் ஆனாங்க. அப்ப சனிக்கிழமை சம்பளம் போடறதும், அளவு கொறைக்காம குடுக்கறதும், வேலைக்கு வர்ற புள்ளைங்கள மரியாதையா பேசறதும் இந்தக் கணக்குல வராதுங்களா? எனக்கென்னவோ நம்ம ஊர்ல அங்கதான் பரிச்சையே இருக்குது.

இன்னொண்ணு, புனிதர்னா மனசுல சந்தேகமே வராதுன்னு நெனைக்கறது. அன்னை தெரசா வருசக்கணக்கா கடவுள் பக்கத்துல இருக்கறதாவே தோணலீன்னு எழுதுன கடுதாசி 2007-ல புஸ்தகமாவே வந்துச்சு, 2016-ல புனிதர் பட்டமும் குடுத்தாங்க. ஜெபம் பண்றப்ப ஒண்ணுமே தோணலீங்கறதுக்காக கோவிலுக்குப் போறதயே நிறுத்திப்போட்டு ஒக்காந்திருக்கறவங்க இத ரோசன பண்ணோணும்.

அப்பறம் இயேசுவோட சீடர் யூதா ததேயு பேரச் சொல்லி வர்ற இந்த வாட்ஸ்ஆப் சமாச்சாரம், "யூதா ததேயு ஜெபத்த பன்னெண்டு பேருக்கு அனுப்புங்க, ராத்திரிக்குள்ள நல்ல சேதி வரும், அனுப்பலீன்னா கெட்டது நடக்கும்"னு. அது வெறும் மூடநம்பிக்கைங்க, திருச்சபைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வந்தா டிலீட் பண்ணீருங்க, பயப்பட வேண்டாம்.